குளம்பு வலிக்கிற குதிரைக்கு உடம்பு பிடிச்சு விட்டா கேக்குமா? நாங்க கூப்பிட்டுப் பாத்த சர்வீஸ்

எடுத்த எடுப்புலயே சொல்லிருதேன், குளம்பு வலி இதுல குணமாவாது. ஆனா குளம்பு வலியால தோளும் கழுத்தும் இறுகிப்போன குதிரைக்கு நல்லாவே கேக்கு. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்புனா காசும் போவும் குதிரையும் போவும்.

மதுரையில இருந்து ஒரு தம்பி வாராரு, போன் பண்ணா கங்கைகொண்டானுக்கு லாயத்துக்கே வந்து கையாலேயே பிடிச்சு விட்டுட்டுப் போவாரு. குறையும் சொல்லப் போறேன், அதனால பேரு வேண்டாம்.

எங்களுது மார்வாரி சாதிக் குதிரை, பெட்டை. முன்ன வச்சிருந்தவங்க கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டிட்டு இருந்தாங்க, பளபளன்னு நிக்கணும்னு கொள்ளும் மாவுத்தீனியுமா அள்ளிப் போட்டு முன்னங்கால் ரெண்டுலயும் லேமினைட்டிஸ். குளம்புக்குள்ள இருக்க எலும்ப குளம்புச் சுவரோட பிடிச்சு வச்சிருக்க சதை வீங்கி பிடி விட்டுப்போற சீக்கு அது. ராமையன்பட்டி வெட்னரி காலேஜ்ல காட்டி, தீனிய மாத்தி, கடுமையான கட்டம் தாண்டுன பெறவுதான் இந்தத் தம்பிய கூப்பிட்டோம்.

குதிரை வெயிட்டுல நூத்துக்கு 60 பங்கு முன்னங்காலுதான் தாங்குது, அது வலிச்சா கால முன்னால நீட்டிக்கிட்டு பாரத்த பின்னால தள்ளி நிக்கும், நாள் கணக்கா அப்படியே நின்னா முதுகு இடுப்பு தோளு எல்லாம் கட்டையா போயிரும். முழங்காலுக்குக் கீழ பிடிச்சு விடுததுக்கு சதையே கிடையாது, வெறும் எலும்பும் தசைநாரும்தான். அதனால குளம்பையே பிடிச்சு சரி பண்ணுதேன்னு எவனாவது வந்தா வாசலோட அனுப்பிருங்க.

இந்தத் தம்பி வந்ததும் டாக்டர் சீட்டைத்தான் மொதல்ல கேட்டாரு. பெறவு குளம்புல உள்ளங்கைய வச்சு சூடு பாத்து, கணுவுக்குப் பின்னால விரல வச்சு நாடி பாத்தாரு. திம்முதிம்முன்னு அடிச்சா தொடமாட்டேன், டாக்டரைக் கூப்பிடுங்கன்னுட்டு போயிருவேன்னாரு. எனக்கு அங்கனயே நம்பிக்கை வந்துட்டு.

அப்புறம் காதுக்குப் பின்னால ஆரம்பிச்சு கழுத்து வழியா பைய பைய கைய நகத்துனாரு, அமுக்கவே இல்ல. எங்க மாமா "ஏலே, இப்படி தடவுததுக்கா 1500 ரூவா"ன்னு காதுல கடிக்காரு. ஒரு இடத்துல குதிரை கண்ண சிமிட்டுச்சு, கைய அங்கனயே நிப்பாட்டிட்டாரு, கொஞ்ச நேரத்துல வாய மென்னுக்கிட்டே தலையத் தொங்கப் போட்டு கொட்டாவி விட்டுச்சு பாருங்க, மாமா கப்சிப். ஒரு கால தூக்குனா பாரம் பூரா அடுத்த வலிக்கிற காலுல எறங்கும்லா, அதனால மெத்துன்னு மணல்ல நிப்பாட்டி, தூக்குன வேகத்துல எறக்கி வச்சிட்டாரு.

மறுநாள் நடையில அடி கொஞ்சம் நீளமா விழுந்துச்சு. உண்மையான லாபம் லாடக்காரர் வந்தன்னைக்குத்தான் தெரிஞ்சுது, முன்னெல்லாம் கால தொட்டாலே வெடுக்குன்னு இழுக்கும், இப்ப தோள விட்டுக் குடுக்கு, மனுசன் நிம்மதியா செதுக்கிட்டுப் போனாரு. 6 டு 8 வாரத்துக்கு ஒருக்கா ஒழுங்கா செதுக்கலன்னா இந்தப் பிடியெல்லாம் நாலு நாளைக்குத்தான் நிக்கும். குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வளராது, மேல இருந்து புதுசா எறங்கி வர கிட்டத்தட்ட ஒரு வருசம் ஆவும், அதுவரைக்கும் பொறுமைதான்.

குறைன்னா, போன எடுக்கவே மாட்டாரு. காலையில வாரேன்னு சொல்லிட்டு உச்சி வெயில்ல வந்து நின்னாரு. நடுவுல எனர்ஜி அது இதுன்னு அளந்து, குளம்பு எண்ணெய்னு ஒரு பாட்டிலையும் தலையில கட்டப் பாத்தாரு, வேண்டாம்னுட்டேன். பஸ் செலவு தனி.

5க்கு மூணரை போடுதேன், அரை மார்க் அந்த நாடி பாத்ததுக்கு. கூப்பிடுறதா இருந்தா சாயங்காலமா வரச் சொல்லுங்க, பகல்ல ஈ மொய்க்கிற நேரத்துல குதிரை ஒரு இடத்துல நிக்காது, பாதி நேரம் வால் அடி வாங்குறதுலயே போயிரும்.