வீட்டு நெட்வொர்க்கில் பெயர் வைக்க: பை-ஹோலா, ரவுட்டரா?

ஏற்காட்டில் எங்கள் வீட்டில் கேமரா ரெக்கார்டர், பிரிண்டர், படங்கள் சேமிக்கும் நாஸ் என்று பெட்டிகள் கூடிவிட்டன. 192.168 என்று தொடங்கும் எண்களை எல்லோரும் மனப்பாடம் செய்ய முடியாது, பெயர் வேண்டும். நான் அதை ரவுட்டரிலேயே வைத்தேன்.

பெயரையும் எண்ணையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதுவது ஒரே கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டுக்குச் சரி. ரூட் செய்யாத ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அதைத் தொடவே முடியாது.

சேலத்தில் தம்பி வீட்டில் எம்டிஎன்எஸ்தான், அதாவது டாட் லோக்கல் (.local) என்று முடியும் பெயர்கள். சர்வர் எதுவும் தேவையில்லை. பெயரைக் கேட்டால் அந்தப் பெட்டியே 5353 போர்ட்டில் பதில் சொல்லிவிடும். எல்லாம் ஒரே வைஃபையில் இருந்தால் இதைவிட எளிது எதுவும் இல்லை. ஆனால் ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி இன்னொன்றுக்கு அது தானாகப் போகாது. எங்கள் கேமராக்களை நான் தனி நெட்வொர்க்கில் பிரித்து வைத்திருப்பதால் எனக்கு உதவவில்லை.

மிச்சம் இருப்பது இரண்டு: ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் பை-ஹோல், அல்லது ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் போட்ட ரவுட்டரில் இருக்கும் டிஎன்எஸ்மாஸ்க். இரண்டும் டிஎன்எஸ் சர்வர்கள், அதாவது பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்பவை. விளம்பரத் தடுப்பு, யார் எந்தத் தளத்தைக் கேட்டார்கள் என்ற பட்டியல், அழகான பக்கம் எல்லாம் பை-ஹோலுக்கே. பெயர் வைப்பதில் இரண்டும் சமம்தான். பை-ஹோலுக்குள் ஓடுவதே டிஎன்எஸ்மாஸ்க்கின் ஒரு வடிவம்தான்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது கரண்ட். மலையில் கோடை மழை இடியோடு வந்தால் கரண்ட் போய்ப் போய் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பையின் எஸ்டி கார்டு கெட்டுப்போக வாய்ப்புண்டு. பை எழுந்திருக்காவிட்டால் வீட்டுப் பெயர்கள் மட்டும் போகாது, எல்லோருக்கும் நெட்டே போன மாதிரி ஆகிவிடும். அதற்குப் பயந்து இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 கொடுப்பவர்கள் உண்டு. அது ஸ்டெப்னி டயர் மாதிரி காத்திருக்காது. சில சாதனங்கள் முதலாவது நன்றாக ஓடும்போதும் இரண்டாவதைக் கேட்கும். வெளியே இருக்கும் சர்வர் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிடும். பெயர் ஒரு சமயம் வரும், ஒரு சமயம் வராது. ஒழுங்காகச் செய்ய இன்னொரு பை-ஹோல் வேண்டும், அப்புறம் இரண்டையும் அப்டேட் செய்ய வேண்டும்.

ரவுட்டர் போனால் எப்படியும் நெட் இல்லை. அதனால் பெயரையும் அதிலேயே வைத்தால் கெட்டுப்போகப் புதிதாக ஒரு பெட்டி சேர்வதில்லை. ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் தாங்குகிறது. நான் ஊரில் இல்லாதபோது ஏதாவது என்றால், “அம்மா, ரவுட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று போனில் சொன்னால் போதும்.

பெயரின் கடைசியில் வரும் பின்னொட்டுக்கு நான் எடுத்தது ஹோம்.ஆர்பா (home.arpa), 2018-இல் வீட்டு நெட்வொர்க்குக்கென்றே ஒதுக்கியது. நீளமாகத் தெரிந்தால், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2024-இல் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய டாட் இன்டர்னல் (.internal) இருக்கிறது. டாட் லோக்கலை இங்கே வைக்க வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸுடையது. டாட் தேவ் கூகுள் நடத்தும் உண்மையான டொமைன். பிரவுசர்கள் அதில் எச்டிடிபிஎஸ் இல்லாமல் எதையும் திறக்காது.

எந்த வழியாக இருந்தாலும், போனில் பிரைவேட் டிஎன்எஸ்ஸுக்கு வெளிநிறுவனத்தின் பெயர் கொடுத்திருந்தால் கேள்வி வீட்டுக்கு வராமல் வெளியே போய்விடும். பிரவுசரின் செக்யூர் டிஎன்எஸ்ஸையும் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கிய சொந்த டொமைனில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் கிடைக்கும், பிரவுசர் எச்சரிக்கை வராது. அந்த வழியை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. வெளி டிஎன்எஸ்ஸில் வீட்டுப் பெட்டியின் 192.168 எண்ணைப் பதிந்தால், ஓபன்டபிள்யூஆர்டியின் ரீபைண்ட் பாதுகாப்பு அந்தப் பதிலைத் தள்ளிவிடும் என்பதால் விலக்கு கொடுக்க வேண்டும்.

ரவுட்டர் வாங்கும் முன் ஓபன்டபிள்யூஆர்டி பட்டியலில் மாடலோடு, அட்டைப்பெட்டியில் உள்ள ஹார்டுவேர் வெர்ஷனையும் ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் ஒரு வெர்ஷன் ஓடும், அடுத்தது ஓடாது.