பிளாட்டினம் பிரிண்ட்னு சொல்லி இங்க்ஜெட்டை அனுப்பிட்டாங்க, 18,500 ரூபாய் போச்சு

சேலம், ஏற்காடு பக்கம் வீட்டில் பழைய கண்ணாடி நெகட்டிவ் வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சிடுங்க. பழைய முறையில் பிரிண்ட் போட்டுத் தர்றோம்னு ஆன்லைனில் ஆர்டர் பிடிக்கிற ஒரு ஸ்டுடியோ. நாலு பிளாட்டினம்-பல்லேடியம் பிரிண்டுக்கு (அந்த உலோக உப்புகளோட இரும்பு உப்பும் கலந்த கரைசலைத் தாளில் கையால் பூசிப் போடுற கருப்பு-வெள்ளைப் படம்) 18,500 ரூபாய், முழுசும் முன்பணம்.

நம்ப வச்சது ஒரு வீடியோ. டிரேயில் கிடந்த தாள் மேல், படத்தை வெளிக்கொண்டுவர்ற பொட்டாசியம் ஆக்சலேட் கரைசலை ஊற்றினதும் படம் சட்டுனு முழுசா எழும்புது. பிளாட்டினம் அப்படித்தான் வரும். வழக்கமான கருப்பு-வெள்ளை சில்வர் பிரிண்ட் மாதிரி மெல்ல மெல்ல வராது. தொழில் தெரிஞ்ச கைன்னு நினைச்சு பணம் போனது அந்த இடத்தில்தான்.

வந்த பிரிண்டில் ஓரமெல்லாம் பிரஷ் தடம். ஆனா நாலு தாளிலும் இடது கீழ் மூலையில் அதே வளைவு, அதே பிசிறு. கையால் கரைசல் பூசினா ரெண்டு தாள்கூட ஒத்துப்போகாது. 30 மடங்கு லென்ஸில் பார்த்தா சாம்பல் நிறத்துக்குள்ள நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள். நிஜ பிளாட்டினத்தில் உலோகம் தாளோட நாரிலேயே படிஞ்சிருக்கும், வண்ணப் புள்ளிக்கு அங்கே வேலையே இல்ல. புள்ளி புள்ளியா மை தெளிக்கிறது இங்க்ஜெட் பிரிண்டர்தான்.

கேட்டதுக்கு, "லென்ஸ் வச்சா எல்லாமே புள்ளியாத்தான் சார் தெரியும்." அப்புறம், "பிரிண்ட் போடுற அண்ணன் ஊர்ல இல்ல." கடைசியா, "உங்க சேலம் போர் தண்ணி கலரை மாத்திடும்னு எழுதியே அனுப்பினோமே." டெவலப் ஆனதும் காரத்தன்மையுள்ள உப்புத் தண்ணியில் கழுவினா கரைசலில் இருந்த இரும்பு தாளிலேயே தங்கி மஞ்சள் அடிக்கும், உண்மைதான். அதனாலதான் முதல் குளியல் சிட்ரிக் அமிலத்திலோ, இரும்பைப் பிடிச்சு வெளியேத்துற இ.டி.டி.ஏ.ங்கிற ரசாயனத்திலோ கொடுக்கணும். அது பிரிண்ட் போடுறவன் வேலை. இந்தத் தாள் எந்த டிரேயையும் பார்த்ததே இல்ல! அந்தப் பேச்சோட என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. 18,500 ரூபாய்!

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு விரிவா எழுத நினைச்சேன், இப்போதைக்கு இவ்வளவுதான். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீங்க. இது கான்டாக்ட் பிரிண்ட், அதாவது நெகட்டிவைத் தாள் மேலேயே வச்சு எடுக்கிறது, அதனால நெகட்டிவ் அளவுதான் படம். ஹாஃப் பிளேட்ங்கிற பழைய கண்ணாடி நெகட்டிவ் அளவுன்னா 4¾ × 6½ அங்குலம். அதைவிடப் பெருசா தர்றோம்னா, அந்த அளவுக்குப் போட்ட புது நெகட்டிவையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க. கண்ணாடி நெகட்டிவை யார் கேட்டாலும் கூரியரில் போடாதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தாச்சு. அந்த 18,500-ஐ விடப்போறதில்ல.