யானைக் காட்டுக்கு மரம் நட சபா போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபத்தாங்கான் ஆற்றங்கரையில் யானைகளுக்காகக் காடு வளர்க்க வாருங்கள் என்று ஒரு விளம்பரம் கொஞ்ச நாளாக இன்ஸ்டாகிராமில் சுற்றுகிறது. படிப்பை முடித்த பிள்ளைகள், வேலைக்கு நடுவே இடைவெளி எடுத்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லோர் கண்ணிலும் படுகிறது. நானும் அதைப் பார்த்துத்தான் பணம் கட்டிப் போய் வந்தேன். விமான டிக்கெட் சேர்க்காமலே ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அதில் காட்டுக்கென்று போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ ஒன்றும் இல்லை.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அது முடியட்டும். பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. வேறு பெயரில் வேறு இணையதளம் திறக்க அவர்களுக்கு ஒரு நாள் போதும். ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் அடுத்தவர் தப்பிக்க முடியும்.

முதலில் ஒன்று. அங்கே தேவை உண்மையானது. போர்னியோ யானைகள் மொத்தமே ஆயிரம்தான் இருக்கும் என்று கணிக்கிறார்கள். 2024 ஜூனில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த யானையை அழியும் ஆபத்தில் உள்ளது என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. கடந்த 40 ஆண்டுகளில் அவற்றின் காட்டில் 60 சதவீதம் போய்விட்டது. கினபத்தாங்கான் 560 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, சபாவிலேயே நீளமானது. அதன் கீழ்ப்பகுதியில் சுமார் 26,000 ஹெக்டேரை 2005-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அது ஒரே காடாக இல்லை, பத்துத் துண்டுகள். நடுவில் பாமாயில் தோட்டம், ஊர், சாலை.

யானைக் கூட்டம் ஆற்றோரமாகவே மேலும் கீழும் நடக்கும். கரையில் வளர்கிற நீளப் புல்தான் அவற்றுக்கு முக்கியமான தீனி. ஆற்றங்கரையில் 20 மீட்டர் ஒதுக்கி விட வேண்டும் என்று சபாவின் 1998 நீர்வளச் சட்டம் சொன்னாலும், பல இடங்களில் பாமாயில் தோட்டத்து எண்ணெய்ப் பனை தண்ணீர் விளிம்பு வரை வந்து நிற்கிறது. அங்கே யானைக்கு நடக்க வழி கிடையாது. தோட்டத்துக்குள் இறங்கினால் மின்வேலி, அகழி, வேறு விலங்குகளுக்கு வைத்த சுருக்குக் கண்ணி. அப்படிப்பட்ட கரையில் மரம் வளர்ப்பது மிக நல்ல வேலை. அதை ஒழுங்காகச் செய்கிற உள்ளூர்க்காரர்கள் பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் பாடுபட்டுச் சம்பாதித்த நல்ல பெயரைத்தான் இந்த இடைத்தரகர்கள் விற்றுக் காசாக்குகிறார்கள். என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான்.

விளம்பரத்திலிருந்தே தொடங்குகிறேன். செத்துக் கிடக்கிற தாயை எழுப்பப் பார்க்கும் குட்டி யானையின் படம் அதில் இருக்கிறது. பார்த்தவர்களுக்கு மனசு தாங்காது. அந்தப் படம் 2013 ஜனவரியில் குனுங் ராரா காப்புக்காட்டில் எடுத்தது. அங்கே 14 யானைகள் அடுத்தடுத்துச் செத்தன, விஷம் என்று சந்தேகித்தார்கள். உலகம் முழுக்கப் போன படம் அது. குனுங் ராரா கினபத்தாங்கான் கரையில் இல்லை, இவர்கள் மரம் நடுவதாகச் சொல்லும் இடத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் படத்துக்கு அடியில் "எங்கள் திட்டப் பகுதியில்" என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நிறுவனம் செத்த யானையின் படத்தைக்கூட இடம் மாற்றிப் போடுகிறது என்றால், மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சபாவின் சண்டக்கான் நகரத்தில் இறங்கி, சாலை வழியாக இரண்டரை மூன்று மணி நேரம். வழி நெடுக இரண்டு பக்கமும் பாமாயில் தோட்டம்தான். எங்களை அழைத்துப் போக ஈப்போவைச் சேர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன் வந்திருந்தான். ஒருங்கிணைப்பாளர் என்றார்கள். நல்ல பையன். அவனுக்கும் சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

நடவுக்குப் போன இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு மோசடியும் அங்கேதான் இருக்கிறது. ஒரு தோட்டத்து மண்சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே குறுகலான நிலம். மார்பளவு புல். புல்லை விலக்கிக் குழி தோண்டினால் மண்வெட்டியில் கறுப்பு பாலித்தீன் சிக்கியது. கன்றுப் பை. பையைக் கிழிக்காமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள், வேர் அதற்குள்ளேயே சுருண்டு காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி, அதில் பிளாஸ்டிக் அட்டை, அட்டையில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் பெயரும் இதயப் படமும். குச்சியை ஒட்டி நின்றது விரல் கனத்தில் ஒரு பட்ட தண்டு, அதைக் கொடி சுற்றி மூடியிருந்தது. புல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வரிசையாகக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் பெயர், ஒன்றிலும் உயிருள்ள மரம் இல்லை.

அந்தப் பையனைக் கேட்டேன். "அது போன பேட்ச் நட்டது அக்கா. வெள்ளம் வந்துச்சு" என்றான்.

"வெள்ளம் வருஷா வருஷம் வருமே தம்பி. அப்புறம் யார் வந்து பார்த்தாங்க?"

அவன் பதில் சொல்லவில்லை. நாற்று கொண்டுவந்து இறக்கிய பெரியவர் (எல்லோரும் அவரைப் பாக்சிக் என்றுதான் கூப்பிட்டார்கள், மலாயில் மாமா என்பது போல) மலாயில் ஏதோ சொன்னார். பையன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். இந்த இடத்தில் களை எடுக்க யாருக்கும் கூலி கொடுப்பதில்லை, நாற்று சாகத்தான் செய்யும், செத்த பிறகு அடுத்த குழு வந்து அதே இடத்தில் நடும்.

அந்த வெள்ளச் சமவெளியில் மரம் நடுவது ஒரு நாள் வேலை. வளர்ப்பது இரண்டு மூன்று வருட வேலை. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை மழைக்காலம், ஆறு கரை ஏறும், சிறு கன்று வாரக்கணக்கில் தண்ணீரில் நிற்கும். தண்ணீர் வடிந்ததும் புல்லும் கொடியும் கன்றை மூடிவிடும். முதல் வருடம் திரும்பத் திரும்பக் களை எடுத்து, கொடியை அறுத்து, செத்த இடத்தில் மறுநடவு செய்தால்தான் அது புல்லுக்கு மேலே தலை தூக்கும். எதை நடுவது என்பதும் முக்கியம். தண்ணீரைத் தாங்குகிற மரமாக இருக்க வேண்டும். லாரான் என்று அங்கே சொல்லும் மரத்தை நிறைய நடுகிறார்கள், அது நம்ம ஊர்க் கடம்புதான். வேகமாக வளர்ந்து நிழல் கொடுத்துப் புல்லை அடக்கும். இவர்கள் எங்கள் கையில் கொடுத்ததில் பாதிக்கு மேல் என்ன நாற்று என்றே அங்கிருந்த யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆக, நட்ட கன்று சாவதில் இவர்களுக்கு நஷ்டம் இல்லை. செத்தால்தான் அடுத்த குழுவுக்கு இடம் காலியாகும். களை எடுக்க ஊர்ப் பெண்களுக்குக் கூலி கொடுத்தால் காசு செலவாகும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து நட்டால் காசு வரும். யானைக்கு வேண்டியது முதலாவது, இவர்கள் விற்பது இரண்டாவது.

"கட்டணத்தில் 80 சதவீதம் உள்ளூர் மக்களுக்கு" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நாங்கள் தங்கிய வீட்டு மாக்சிக்கிடம் (மலாயில் அத்தை, மாமி என்பது போல) பேச்சுவாக்கில் கேட்டபோது, ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 50 ரிங்கிட் என்று பேசியதாகச் சொன்னார். நம்ம பணத்தில் ஆயிரம் ரூபாய் போல. அதில் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்தி. அதுவும் முந்தைய குழுவுக்கு உரியது இன்னும் வரவில்லை. கடையில் கடன் சொல்லித்தான் எங்களுக்கு மீன் வாங்கிச் சமைத்துப் போட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் திட்டவில்லை, தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்றுதான் கேட்டார். எனக்குத்தான் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அடுத்தது ரோந்து. "வனக் காவலர்களோடு சேர்ந்து வேட்டைத் தடுப்பு ரோந்து" என்று திட்டத்தில் போட்டிருந்தது. அப்படி ஒன்று நடக்கவே முடியாது. சபாவில் 1997 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, துறை ஆட்களுக்கும் துறை முறைப்படி நியமித்த கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களுக்கும்தான் அந்த அதிகாரம் உண்டு. சரணாலயத்துக்குள் காலடி வைக்கவே அனுமதி வேண்டும். எங்களுக்கு ரோந்து என்று காட்டியது, சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் போகிற சாயங்காலப் படகுச் சவாரி. நீள்மூக்குக் குரங்கும் இருவாச்சியும் பார்த்தோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தன்னார்வத் தொண்டு என்று பெயர் வைத்து மூன்று மடங்கு விலை வாங்குவது எந்த நியாயம்?

ஒரு நாள் கரையில் யானைக் கூட்டம் இருந்தது, குட்டிகளோடு. படகோட்டி தள்ளியே நிறுத்தினார். நிறுவனத்திலிருந்து வந்த புகைப்படக்காரர் விடவில்லை. பக்கத்தில் போ, இறங்கி நில்லுங்கள், யானை பின்னால் தெரிய வேண்டும் என்று அவசரப்படுத்தினார். படகோட்டி முடியாது என்று சொல்லிப் படகைத் திருப்பிவிட்டார். அந்த மனிதருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். போர்னியோ யானை உருவத்தில் சிறியது, முகம் சாது போல இருக்கும், அதை நம்பக் கூடாது. 2011 டிசம்பரில் இதே சபாவில், தாபின் காப்புக்காட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பயணியை யானை குத்திக் கொன்றது. யானைக்குப் பக்கத்தில் நடத்திக் கூட்டிப் போகிறோம் என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள்.

குடிவரவு விஷயம் இன்னும் ஆபத்து. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் இருக்கலாம். அது சுற்றிப் பார்க்க, உறவினர் வீட்டுக்குப் போக. வேலைக்கான அனுமதி அல்ல. சபாவில் குடிவரவுச் சோதனை தனி, கோலாலம்பூரில் முத்திரை குத்தியிருந்தாலும் அங்கே மறுபடி பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "விமான நிலையத்தில் வாலண்டியர் என்று சொல்லாதீர்கள், டூர் என்று மட்டும் சொல்லுங்கள்." ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் மேடம் போறாங்க" என்று பெங்களூரில் இருக்கும் அந்த நிறுவனத்திலிருந்து பதில். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நாம்தான். அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

ஊர் திரும்பியதும் சான்றிதழ் வந்தது. நான் நட்ட மரங்கள், அவற்றின் ஜிபிஎஸ் எண், எவ்வளவு கார்பனை உறிஞ்சும் என்ற கணக்கு. எண்ணை மேப்பில் போட்டுப் பார்த்தேன். மேலேயிருந்து பார்த்தால் பாமாயில் தோட்டம் கட்டம் கட்டமாகத் தெரியும், அது தோட்டம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் புள்ளி அப்படி ஒரு கட்டத்தின் நட்டநடுவில் விழுந்தது. நாங்கள் குழி தோண்டிய இடம்கூட அது இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. நீங்கள் கொடுத்தது கட்டணம் அல்ல, நன்கொடை, நன்கொடையைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். பணம் வாங்கும்போது அனுப்பிய ரசீதில் "புரோகிராம் ஃபீஸ்" என்றுதான் இருக்கிறது. அந்த ரசீது கையில் இருப்பதால்தான் என் புகாருக்கு உயிர் இருக்கிறது.

நல்லவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கினபத்தாங்கான் கரையில் இருக்கும் சுகாவ் கிராமத்தில் 1998 முதல் வேலை செய்கிற ஹுத்தான் அமைப்பில் அந்த ஊர்ப் பெண்களே நாற்று வளர்த்து, நட்டு, களை எடுத்து, சம்பளம் வாங்குகிறார்கள். பத்து பூத்தே கிராமத்தில் கோபெல் என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. தங்கல், படகு, மரம் நடவு எல்லாம் சங்கத்தின் கையில், நடுவில் தரகர் கிடையாது. இப்படி நேரடியாக நடத்துகிறவர்களிடம் எழுதிக் கேளுங்கள். வெளியாள் எப்போது தேவை, தேவையே இல்லையா என்பதை அவர்களே சொல்வார்கள். பணம் மட்டும் அனுப்புங்கள், களை எடுக்கக் கூலிக்கு ஆகும் என்று சொன்னால் அதைவிட நேர்மையான பதில் இல்லை.

யாரிடம் போவதாக இருந்தாலும் ஒரு கேள்வியை விடாதீர்கள்: மூன்று வருடம் முன்பு நட்ட இடத்தின் இன்றைய படத்தைக் காட்டுங்கள், இப்போது வீடியோ காலில் காட்ட முடியுமா? உண்மையாக வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள், எத்தனை செத்தது என்பதையும் மறைக்காமல் சொல்வார்கள். தரகர் பேச்சை மாற்றுவார். அப்புறம், நிலம் யாருடையது, சரணாலயத்தின் எந்தத் துண்டு, துறை கொடுத்த கடிதம் எங்கே, நான் எந்த பாஸில் (குடிவரவு அனுமதியில்) நாட்டுக்குள் வர வேண்டும் என்பதையெல்லாம் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொல்வது நாளைக்கு எதற்கும் உதவாது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் புகார் கொடுத்த பிறகு அவர்களுடைய இணையப் பக்கத்திலிருந்து பாதி வாக்குறுதிகள் காணாமல் போயின. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். புகாரில் மாக்சிக்குக்கு வர வேண்டிய பாக்கியையும் குறிப்பிட்டிருக்கிறேன். இதே ஆட்களிடம் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ரசீதோடு உங்கள் மாவட்டத்தில் தனியாகவும் ஒரு புகார் கொடுங்கள்.