எழுவான்கரைக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்: எங்கள் அனுபவம்

மொசாம்பிக்கில் கணவருடன் ஒரு வருடம் இருந்துவிட்டு, தலைப்பிள்ளையைச் சுமந்து ஐந்தாம் மாதத்தில் மட்டக்களப்புக்குத் திரும்பிய என் மகளை, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலுள்ள எங்கள் ஊர் அரச கிளினிக்கில் பதியக் கூட்டிச்சென்றேன். நிறையைப் பார்ப்பதற்கு முன்பே மருத்துவமாது கேட்டார்: "மகள், இதுக்கு முதல் எந்த நாட்டில இருந்தீங்க?"

அந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்; மொசாம்பிக் மலேரியா பரவும் நாடு. இரண்டு நாள் முன்னர் காய்ச்சலுக்குக் காட்டிய தனியார் இடமொன்றில், இங்கேதான் மலேரியா இல்லையே என்று டெங்குப் பரிசோதனையோடு அனுப்பிவிட்டார்கள். உள்ளூரில் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல் பதிவானதும், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்ததும் உண்மைதான். விமானத்தில் வந்திறங்குபவரின் குருதிக்கு அந்தச் சான்றிதழ் பொறுப்பாகாது.

கிளினிக் வைத்தியர் அவசரப்படாமல் விளக்கினார். பல்சிபாரம் வகை மலேரியா ஒட்டுண்ணி புகுந்த செங்குழியங்கள், சிசுவுக்கு ஊட்டம் கடத்தும் சூல்வித்தகத்திலுள்ள கொண்ட்ரோயிட்டின் சல்பேற்று ஏ என்ற பொருளில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தேங்கிவிடுவதால், விரல் நுனியில் எடுக்கும் குருதியில் அவை அகப்படாமலும் போகலாம். தேங்கிய இடத்தில் வெண்குழியங்கள் திரண்டு அழற்சி ஏற்பட, தாயிடமிருந்து ஒட்சிசனும் போசணையும் கடந்துசெல்வது குறைகிறது. சிசுவின் வளர்ச்சி பின்தங்கி, நிறை குறைந்தோ நாள் முந்தியோ பிறக்கிறது. மலேரியா ஓயாத நாடுகளில் தலைப்பிள்ளைத் தாய்மாருக்கே இது கடுமையாம். அந்த ஒட்டுதலைத் தடுக்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருட்களான பிறபொருளெதிரிகள் அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் தேறுகின்றன. மலேரியாவே காணாமல் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கோ எந்த எதிர்ப்பும் இல்லாததால், தாயின் உயிருக்கே ஆபத்து.

கண்ணாடித் தகட்டில் தடவி ஒட்டுண்ணியைத் தேடும் குருதிப் பூச்சில் முதல் நாள் ஒன்றும் இல்லை. அத்துடன் விட்டுவிடாமல் அடுத்த இரு நாட்களும் எடுத்துப் பார்த்து, மூன்றும் தெளிவென்ற பிறகே காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடினார்கள். அது சிறுநீர்த் தொற்றாக முடிந்தது. ஆனாலும் ஒவ்வொரு வருகையிலும் நாடாவால் வயிற்றை அளந்து அட்டையில் குறித்ததோடு, வளர்ச்சியைப் பார்க்க ஸ்கானுக்கும் எழுதித் தந்தார்கள். ஒரு சதமும் செலவில்லை.

குறையும் உண்டு. வாங்குகள் போதாமல் நிறைமாதக்காரிகள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். காலை ஏழுக்குப் போன நாங்கள் வீடு திரும்ப ஒரு மணியாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது. வந்த திகதியைக் கேட்டபோது, அதை எடுக்க நான் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது.