பலகாரத் தலையிடிக்கு ஒரு வழி

வன்னியில் தீபாவளி வருவதே பெரும்போக விதைப்பு நேரத்தில்தான். என் கணவர் வயலில் நிற்பார். வானம் இருண்டு கிடக்கும், மாவைக் காயவைக்க வெயில் இராது, விறகும் ஈரம். இதற்குள் கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வேறு. முறுக்குப் பிழிந்து முடிய எனக்கு ஒருவரோடும் கதைக்க மனம் வராது.

இந்த முறை பரந்தன் பக்கம் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஓர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பயித்தம் பணியாரம்தான் அவருடைய கெட்டித்தனம். பயறைக் கருகவிடாமல் பதமாய் வறுத்திருக்கிறார். கடித்தால் மஞ்சள் போட்ட மேல்மா மெல்லிசாய் நொறுங்கி, சீனியும் தேங்காய்ப்பூவும் மிளகு, சீரக வாசத்தோடு வரும். விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. அரியதரம் பரவாயில்லை, இனிப்புக் கொஞ்சம் கூட. முறுக்கில் ஓமம் காணாது. மாமி அதையே சாட்டாக வைத்து, "வீட்டில் சுட்ட மாதிரி வருமா?" என்றார். சரி, சொல்லட்டும். பணியாரத் தட்டை முதலில் காலி பண்ணியதும் அவர்தான்.

வீட்டில் செய்வதைவிடச் செலவு கூடத்தான். ஆனால் முதல்நாள் இரவு தாச்சிக்கு முன்னால் வேர்த்து விறுவிறுக்காமல், விறாந்தையில் இருந்து அக்காவோடு சாமம் வரை கதைத்தேன். அந்தக் காசு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லிவையுங்கள், கடைசி நேரத்தில் எடுக்கமாட்டார். மூடியுள்ள வாளியும் கொண்டுபோங்கள். அவர் தரும் பை மழைக்குத் தாங்காது.