ஜிப்சிக்குக் கூலன்ட் மாற்றும்போது: கலந்தே வருவதா, கான்சன்ட்ரேட்டா? தெர்மோஸ்டாட் புதிதா, இல்லாமலேயே ஓட்டுவதா?

மாருதி ஜிப்சி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் சூட்டில் வந்து நிற்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது சூடு காட்டும் முள் எங்கே நின்றது, என்ன கூலன்ட் ஊற்றுகிறீர்கள், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு) இருக்கிறதா இல்லையா. கடைசிக் கேள்வி மற்ற கார்க்காரர்களுக்கு வினோதமாகப் படும். ஜிப்சியில் அது நியாயமான கேள்விதான். கைமாறி வந்த வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பது சகஜம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 2000-க்குப் பிறகு வந்த 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ (கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிக்கும்) ஜிப்சி கிங். வீட்டு வாசலில் வைத்துச் செய்ய இதைவிடத் தோதான ஃபோர் வீல் டிரைவ் வண்டி குறைவு. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எஞ்சினில் போய்ச் சேரும் இடத்தில், இரண்டு போல்ட் போட்ட ஒரு அலுமினிய மூடி இருக்கும். அதற்கு அடியில் தெர்மோஸ்டாட். கை நுழைய இடம் தாராளம். வேலை எளிது, எதை வாங்குவது என்பதில்தான் சண்டை.

கலந்தே வருவது, கலந்துகொள்ள வேண்டியது

கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று அப்படியே ஊற்றலாம். மற்றது கான்சன்ட்ரேட், சம அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் புத்திமதி: வீட்டில் செய்பவர்கள் கலந்தே வருவதை வாங்குங்கள், தண்ணீர்த் தொல்லை இல்லை. பாதிதான் சரி.

கணக்கைப் பாருங்கள். ஜிப்சியின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 5 லிட்டர். ரேடியேட்டரின் அடியிலுள்ள பிளக்கைத் திறந்தால் எல்லாம் வந்துவிடாது, எஞ்சின் பிளாக்குக்குள் கொஞ்சம் தங்கிவிடும். ஒன்றரை லிட்டர் தங்கியது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பழைய கூலன்ட்டை இறக்கிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஓடவிட்டுக் கழுவியிருந்தால் அந்த ஒன்றரை லிட்டரும் வெறும் தண்ணீர். அதன் மேல் மூன்றரை லிட்டர் 50 சதவீதக் கலவையை ஊற்றினால் எஞ்சினில் கிடைப்பது 35 சதவீதம்தான். ஊட்டி உறைபனிக்கு அது தாங்கும், ஆனால் துருவைத் தடுக்கும் மருந்தும் அதே அளவுக்கு நீர்த்துப்போகிறது. கான்சன்ட்ரேட் என்றால் இந்தச் சிக்கலே இல்லை: இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றுங்கள், மிச்சத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள், சரியாகப் பாதிக்குப் பாதி.

ஆக, கழுவாமல் வெறுமனே இறக்கி ஏற்றுபவருக்குக் கலந்தே வருவது போதும். தண்ணீர் விட்டுக் கழுவுபவருக்குக் கான்சன்ட்ரேட்தான். கழுவாமலேயே சுத்தம் செய்ய இன்னொரு வழியும் உண்டு: கலந்த கூலன்ட்டையே ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி இறக்கி, மறுபடி ஊற்றுவது. செலவு இரட்டிப்பாகும், தண்ணீர் கிட்டவே வராது. பழைய கூலன்ட் பார்க்கச் சுத்தமாக இருந்தால் அதுவும் நல்ல வழிதான்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கோவையில் போர் தண்ணீர் ஊற்றி ஓடிய ரேடியேட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், குழாய்க்குள் வெள்ளையாகக் காரை பிடித்திருக்கும். உப்புத் தண்ணீரின் கால்சியம், எஞ்சினில் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். ஜப்பானிய வகைக் கூலன்ட்டில் பாஸ்பேட் இருக்கும், அது கடின நீரோடு சேர்ந்தால் படிவு இன்னும் கூடும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, நடுவழி அவசரத்துக்குக் குற்றமில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்த வாதத்தைக் கேட்டிருக்கிறேன்: ‘அதுவும் டிஸ்டில்ட் வாட்டர்தானே சார்?’ தூசி பிடித்த காயிலின் மேல் வழிந்து வரும் தண்ணீர் அது. பேட்டரிக் கடையில் கேன் தண்ணீர் கிடைக்கிறது, அதற்கு ஆகும் காசு ஒரு டீ, வடைச் செலவு.

பச்சையா சிவப்பா

நிறம் எந்த உத்தரவாதமும் இல்லை, தயாரிப்பவர் விரும்பிய சாயம் அது. பழைய கனிம வகைக்கு இரண்டு வருடம் ஆயுள், ஆர்கானிக் அமில வகைக்கு ஐந்து வருடம் வரை. இரண்டையும் கலந்தால் ஆயுள் குறையும், சில சேர்க்கைகள் கூழாகவும் கட்டும். வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுக்கக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அலுமினிய எஞ்சினுக்கு ஏற்றது என்று கேனில் போட்டிருக்க வேண்டும். வருடா வருடம் மலையேறும் வண்டிக்கு நான் ஆர்கானிக் பக்கம். அதற்கு மேல் இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

தெர்மோஸ்டாட்: ஒரிஜினல், லோக்கல், லோ டெம்பரேச்சர், ஒன்றுமில்லை

‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்’ என்று மெக்கானிக் கழற்றிப் போடுவதில் ஒரு தர்க்கம் இல்லாமல் இல்லை. தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். கழற்றினால் கொதிப்பது நிற்கும். வைத்தியம் பலித்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் புதிய தெர்மோஸ்டாட் போட்டிருந்தாலும் பலித்திருக்கும்.

கழற்றிய பிறகு நடப்பது மெதுவாகத்தான் தெரியும். எம்.பி.எஃப்.ஐ வண்டியில் கூலன்ட் சூட்டைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளக்கிறது. எஞ்சின் சூடேறவே இல்லை என்று அது நினைத்தால் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். கோத்தகிரியிலிருந்து விடிகாலையில் இறங்கும் வண்டியில், ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல் வரும்போது, முள் அடியில் படுத்துக்கிடக்கும். கொஞ்ச தூரமே ஓடும் வண்டி என்றால் ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல மஞ்சள் பிசுக்கு ஒட்டியிருக்கும். ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போக எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை என்று அர்த்தம். டொயோட்டா டீசல் எஞ்சின்கள் பலவற்றில் இன்னும் மோசம்: அங்கே தெர்மோஸ்டாட்டின் கீழ்த்தட்டுதான் பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், மேட்டில் கொதிக்கும். ஜிப்சிக்காரர் சொன்ன யோசனையை ஃபார்ச்சூனரில் முயன்று பார்க்காதீர்கள்.

லோ டெம்பரேச்சர் தெர்மோஸ்டாட் நடுவழி போலத் தோன்றும். 82 டிகிரிக்குப் பதில் 71 அல்லது 76-இல் திறப்பது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது, 82-இல் திறப்பதும் முழுக்கத் திறந்துதான் இருக்கும். அதற்கு மேல் சூட்டைப் பிடிப்பது ரேடியேட்டரும் ஃபேனும். எவ்வளவுக்குக் கீழே எஞ்சின் குளிரக்கூடாது என்பதைத்தான் தெர்மோஸ்டாட் முடிவு செய்கிறது. மேட்டில் கொதிக்கிற வண்டிக்கு லோ டெம்பரேச்சர் வாங்குகிற காசில் ரேடியேட்டரை ராடிங் செய்யலாம் (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுப்பது), அதன் மூடியை மாற்றலாம். அழுத்தம் பிடிக்காத மூடி கோவையில் காட்டாத குணத்தை ஊட்டியில் காட்டும், ஏனென்றால் 2,200 மீட்டருக்கு மேல் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஒரிஜினலுக்கும் லோக்கலுக்கும் வித்தியாசத்தைக் கையில் எடுத்தே பார்த்துவிடலாம். நல்ல தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் சின்னத் துளையும், அதில் ஆடும் ஒரு குட்டி ஊசியும் இருக்கும். கூலன்ட் நிரப்பும்போது காற்று அந்த வழியாக வெளியேறும். பொருத்தும்போது அந்த ஊசி மேல்பக்கம் வர வேண்டும். லோக்கல் சிலவற்றில் அது கிடையாது. தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் காற்று தங்கினால் அதைத் திறக்கவைக்கும் மெழுகு உருளையை வெந்நீர் தொடாது, திறக்கத் தாமதமாகும். இரண்டு மில்லிமீட்டர் டிரில் போட்டுத் துளைத்துக்கொள்பவர்கள் உண்டு, வேலையும் செய்யும். ஆனால் ஒரிஜினலின் விலையே பெட்ரோல் டாங்க் நிரப்பும் காசில் சிறு பங்குதான். எதை வாங்கினாலும் பொருத்தும் முன் நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, அடுப்பைப் பற்றவையுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. 82 முத்திரை போட்டது அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் முழுக்கத் திறக்கும். ஊட்டியில் வீடு என்றால் முழுத் திறப்பைப் பார்க்க முடியாது, தண்ணீர் அதற்கு முன்பே கொதித்துவிடும்.

கேஸ்கெட்டா அனபாண்டா

தெர்மோஸ்டாட் மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கப் பேப்பர் கேஸ்கெட் கிடைத்தால் அதுவே போதும். அனபாண்ட் என்ற கசிவடைக்கும் பசையைத் தடவுவது தப்பில்லை, அள்ளித் தடவுவதுதான் தப்பு. உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் உட்காரும். அதைவிட முக்கியம் அந்த இரண்டு போல்ட். அலுமினியத்தில் வருடக்கணக்காக இருந்த இரும்பு, முரட்டுத்தனமாகத் திருப்பினால் தலை துண்டாகி வரும். முதல் நாள் இரவே டபிள்யூடி-40 அடித்து வையுங்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள், கடைசியில் நைஸ் உப்புத்தாள்.

வீட்டிலா, ஒர்க்‌ஷாப்பிலா

ஒர்க்‌ஷாப்பின் பலம் காற்றை உறிஞ்சிவிட்டு நிரப்பும் கருவி. நவீன வண்டிகளுக்கு அது தேவைப்படலாம். ஜிப்சிக்கு மூக்கு மேடாக நிற்கும் வாசல் சரிவே போதும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸ் கைக்குச் சூடாகும் தருணத்தில் தெர்மோஸ்டாட் திறந்து கூலன்ட் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது நிரப்பி மூடுங்கள். அதற்குப் பிறகு சூட்டில் அந்த மூடியைத் தொடாதீர்கள். மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய நிலையில், ரிசர்வ் டாங்கில் மட்டம் இறங்கியிருந்தால் சேர்க்கலாம்.

வீட்டில் செய்பவருக்கு உண்மையான பாரம் பழைய கூலன்ட்தான். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதுவும் இனிப்பான விஷம். தெருநாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், கொஞ்சமே கொல்லப் போதும். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் மூடியுள்ள கேனில் பிடித்து வையுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில். பெரிய சர்வீஸ் சென்டர்களில் பழைய ஆயிலோடு வாங்கிக்கொள்கிறார்களா என்று வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வாங்க யாரும் இல்லை என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதில் நியாயம் இருக்கிறது, அவர்கள் எங்கே கொட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு.