எல்லாமே கடவுளா, எல்லாவற்றிலும் கடவுளா?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து, அதாவது செடிகளைக் கத்தரிக்கும் வேலை, தொடங்கும் நாளில் கத்திகளைக் கல்லடியில் வைத்து, சூடம் கொளுத்தி, கவ்வாத்துச் சாமியைக் கும்பிடுவார்கள். அந்தக் கல்லும் கத்தியும் தேயிலையும் கடவுளேதானா, இல்லை கடவுள் அவற்றுக்குள் இருக்கிறாரா?

கடவுளேதான் என்பார் டச்சு மெய்யியலாளர் ஸ்பினோசா. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கி வைத்தது. அவர் இறந்தபின் 1677இல் வெளிவந்த 'அறவியல்' நூலில் கடவுளும் இயற்கையும் ஒன்றே. மூடுபனியும் மண்சரிவும் அந்த ஒரே பொருளின் வெளிப்பாடுகள். அதற்கு விருப்பு வெறுப்பு கிடையாது. நாம் நேசித்தாலும் திருப்பி நேசிக்காது.

சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. உடலோடு உயிர்போல இறைவன் உலகோடு கலந்து நிற்கிறான். ஆனால் உலகமே அவனல்ல. அழுதால் அருள ஒருவன் உண்டு.

இலங்கையின் சிவனொளிபாதமலையில் விடியும்போது ஸ்பினோசா சொன்னது சரி என்றே படும். இருந்தாலும் நான் சித்தாந்தத்தின் பக்கம்தான். அடைமழை இரவில் லயத்துக்கு, எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் மண் இளகும்போது, அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "முனியாண்டி, பிள்ளைகளைக் காப்பாத்தப்பா" என்று கூப்பிடுகிறார்.